டி டிரைவில் பத்திரம்

கஸ்தூரி வீட்டுக் கம்ப்யூட்டரில் எது ரிப்பேர் என்றாலும் கைவைக்கும் உரிமை அந்தக் குடும்பத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் இருந்தது. அவளுடைய தம்பி ஜீவாவுக்கு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவன் 'சிஸ்டம் பார்க்கிறான்'. பார்க்கிறான் என்றால், பிரிண்டரில் மாட்டிக்கொண்ட பேப்பரை உருவுவான், மை தீர்ந்தால் மாற்றுவான், கணக்குப் பிரிவு அம்மாள் மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பான். ஆனால் சொந்தக்காரர்கள் நடுவில் அவனுக்கு இருந்த பேரே வேறு. யார் வீட்டில் டிவி படம் காட்டாவிட்டாலும், யார் போன் தண்ணீரில் விழுந்தாலும், "ஜீவாவக் கூப்புடு" என்பார்கள். அவனும் அந்தப் பேரை வேண்டாமென்று ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கோவில்பதாகையில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தது அக்கா மகள் வர்ஷாவுக்காக. அவள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு எடுத்திருந்தாள். கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள் அங்கே லேப் முழுக்க லினக்ஸ். வீட்டிலோ விண்டோஸ் மட்டும்.

"ஊட்ல பழகாம அங்க போயி முழிச்சிக்கினு நிக்கிறேன் மாமா" என்றாள்.

"அதுக்கு இன்னா, போட்டுட்டா போச்சு. விண்டோஸும் இர்க்கட்டும், அதுவும் இர்க்கட்டும். ஒரே டப்பால ரெண்டு" என்றான் ஜீவா, மீன் குழம்பு சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே.

சொன்னானே தவிர, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் அவன் அதுவரை போட்டதில்லை. ஆபீசில் டிஸ்கை முழுசாகத் துடைத்துவிட்டு ஒன்றைப் போடுவதோடு சரி. பஸ்ஸில் வரும்போது ஒரு வீடியோ பார்த்தான். அதையும் முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் சும்மா பொழுதுபோக்குக்கு வாங்கியது அல்ல. முன்னறையில் கஸ்தூரியின் எம்பிராய்டரி மெஷின் இருந்தது. ஜாக்கெட் கைக்கும் முதுகுக்கும் வேண்டிய பூவையும் கொடியையும் அவளே கம்ப்யூட்டரில் வரைவாள். வரைந்ததைப் பென்டிரைவில் எடுத்துப் போய் மெஷினில் செருகினால் ஊசி அதன்படி தைக்கும். மெஷின் பழசு, தனக்கென்று எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளாது. அன்றைக்கு அதில் ஏறியிருந்தது பக்கத்துத் தெரு பொன்னியம்மாவின் மகள் யுவராணியின் கல்யாண ஜாக்கெட். மல்லிகைக் கொடி, முழங்கைப் பக்கம் ஒரு கிளி, கிளியின் வாயில் சிவப்பு மிளகாய். மிளகாய் கல்யாணப் பெண்ணே கேட்டு வாங்கியது. சாப்பாட்டில் காரம் இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுகிற பெண் அவள். ஒரு கை தைத்து முடிந்திருந்தது. மறு கைத் துணி பிரேமில் வெறுமையாக மாட்டியிருந்தது.

லினக்ஸ் போடுவதற்கு ஒரு பென்டிரைவ் வேண்டும். ஜீவா கொண்டுவர மறந்திருந்தான். கஸ்தூரி மெஷினில் இருந்ததைப் பிடுங்கி நீட்டினாள்.

"இத்த எட்த்துக்கோ. அப்புறம் வேற காப்பி பண்ணிக்கிறேன்."

"இதுல கீறதெல்லாம் அழிஞ்சுடும்க்கா."

"அழியட்டும்டா. எல்லாம் டி-ல கீது."

இந்தப் பக்கத்து வீடுகளில் அது வேதவாக்கு. கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் டிஸ்கை சி, டி, ஈ என்று சண்டை வராமல் சொத்துப் பிரிப்பது போல சமமாகப் பிரித்துக் கொடுத்து, "எதுவா இருந்தாலும் டி-ல வையுங்க, சி போனாலும் டி போகாது" என்று சொல்லி அனுப்புவார். கஸ்தூரி அதை அப்படியே பிடித்துக்கொண்டவள். இத்தனை வருஷம் போட்ட டிசைன்கள் எல்லாம் டி-யில். ஈ-யில் ஒன்றுமே கிடையாது.

பென்டிரைவ் தயாரானது. வீடியோவில் சொன்னபடி ஜீவா சி-யிலிருந்து கொஞ்சம் வெட்டி லினக்ஸுக்கு இடம் ஒதுக்கினான். அப்போது விண்டோஸுக்குள்தான் இருந்தான். டி எது, ஈ எது, எது முன்னால், எது பின்னால் என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

லினக்ஸை ஏற்றும் இன்ஸ்டாலர் வந்ததும் தகராறு தொடங்கியது. அவன் ஒதுக்கிய இடத்தை, பயன்படுத்த முடியாத இடம் என்று திரை சொன்னது. போனில் தேடிப் பார்த்ததில் காரணம் புரிந்தது. இந்தப் பழைய முறையில் பிரித்த டிஸ்கில் நேரடியாக நான்கு பாகம்தான் இருக்க முடியும். விண்டோஸ் தனக்கென்று எடுத்துக்கொண்ட சின்னத் துண்டு ஒன்று, சி, டி, ஈ. நான்கும் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. ஐந்தாவது வேண்டுமென்றால் ஒன்று போக வேண்டும்.

ஈ போகட்டும், காலிதானே என்று நினைத்தான். சரியான நினைப்புதான். ஆனால் லினக்ஸ் திரையில் சி, டி, ஈ என்ற எழுத்தே இல்லை. கடைசியில் இரண்டு வரிகள், ஒரே அளவு, ஒரே வகை. எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற இடத்தில் இரண்டுக்குமே 'தெரியவில்லை' என்று போட்டிருந்தது.

"டி-க்கு அப்புறம்தானே ஈ. அப்போ கடைசிதான் ஈ" என்றான்.

வர்ஷா நாற்காலியின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வரிசையாத்தான் இருக்கணும்னு இல்லியாம் மாமா. எந்தப் பாகத்துக்கும் எந்த எழுத்தும் வெக்கலாம்னு எங்க மிஸ் சொன்னாங்க. ஒருவாட்டி விண்டோஸ்ல போயி பாத்துட்டு வந்துடலாமா?"

சொன்னது நல்ல யோசனை. சொன்ன ஆள்தான் ஜீவாவுக்குப் பிடிக்கவில்லை. நேற்றுவரை மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த குழந்தை.

"எனுக்கே கிளாஸ் எடுக்கிறியா நீ? போயி முக்குக் கடைல பஜ்ஜி வாங்கினு வா, போ."

அவள் சிரித்துக்கொண்டே பையை எடுத்துப் போனாள். கஸ்தூரி பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஜீவா கடைசி வரியைத் தேர்ந்தெடுத்தான். அழி என்றான். இந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது, தொடரலாமா என்று திரை மரியாதையாகக் கேட்டது. கை ஒரு கணம் தயங்கியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது போல இருந்தது. அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தொடர் என்றான்.

செருப்புச் சத்தம் எதிர்வீட்டுக்காரருடையது.

வர்ஷா பஜ்ஜியோடு வந்தபோது, அழித்த இடத்தின் மேலேயே லினக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டுத் திரையில் ஒரு பக்கம் நின்றது. "இது உன் வேல, உக்காரு" என்று நாற்காலியைக் கொடுத்தான். அவள் தன் பெயரை அடித்தாள். பாஸ்வேர்டை அடித்தாள். எண்டர் தட்டினாள்.

"உன் பேர்தான் மாமா பாஸ்வேர்டு. லினக்ஸ் போட்டுக் குட்த்தது நீதானே" என்றாள்.

வாயில் பஜ்ஜியோடு ஜீவா சிரித்தான். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பு அந்த வாரத்தில் அவனுக்கு அதுதான் கடைசி.

லினக்ஸ் அழகாக வந்தது. வர்ஷா கைதட்டினாள். கஸ்தூரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, "செரி, என் விண்டோஸக் குடு. அந்தக் கிளிய ஏத்திக்கினு போறேன், இன்னொரு கைய முடிக்கணும்" என்றாள். விண்டோஸும் வந்தது. சி இருந்தது. ஈ இருந்தது. திறந்தான், காலி. டி இல்லை.

மூடினான், திறந்தான். இல்லை. எங்கே போயிற்று என்று ஜீவாவுக்கு அந்த நொடியே தெரியும். அப்போதுதான் அவன் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. திட்டம் போட்டுச் சொன்னதில்லை. அதனால் பாவம் குறைந்துவிடுமா என்ன?

"வர்ஷா, நீ எதுனா தொட்டியா?"

"நான் பேர் மட்டுந்தான் மாமா அட்ச்சேன்" என்றாள் அவள். அப்புறம் குரல் இறங்கியது. "எண்டர் தட்டுனேன்."

கஸ்தூரி மகளைப் பார்த்தாள், தம்பியைப் பார்க்கவில்லை. "இன்னாடி பண்ணித் தொலைச்சே?"

இல்லைக்கா, நான்தான் என்று சொல்ல ஜீவாவுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "மீட்டுட்லாம்க்கா, அதுக்கு சாஃப்ட்வேர் கீது, நாளான்னிக்கு எட்த்தாரேன். அதுவரிக்கும் யாரும் இத்தத் தொட வோணாம்" என்று அவன் சொன்ன வாக்கியம் அதைவிட எவ்வளவோ நீளம். அதை மட்டும் சொல்லிவிட்டு பஸ் பிடித்தான்.

மறுநாள் ஆபீசில் அவனுக்கு வேலை ஓடவில்லை. டீக்கடையில் நின்று வர்ஷாவுக்கு வாட்சப்பில், 'அது உன் தப்பில்லை' என்று அடித்தான். அப்படியானால் யார் தப்பு என்று கேட்பாளே. அழித்தான். 'அது தானாகவும் நடக்கும்' என்று அடித்தான். அது பொய். அதையும் அழித்தான். கடைசியில், 'கவலைப்படாதே' என்று அனுப்பினான். அவள், 'சாரி மாமா' என்று பதில் போட்டாள். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டான். செய்தவன் இவன், மன்னிப்புக் கேட்பவள் அவள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மீட்கும் சாஃப்ட்வேரோடு போனான். வர்ஷா முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தைத்து முடித்த ஜாக்கெட் கையின் மேல் மெல்லிய வெண்ணெய்த்தாளை விரித்து, பென்சிலால் கொடியை ஒவ்வொரு இலையாக ஒற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வா மாமா" என்றாள். கண் வீங்கியிருந்தது.

சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்தது. அழிந்த இடத்தைக் கிளறிக் கிளறிப் போட்டோக்களை வெளியே எடுத்துப் போட்டது, பெயர் எல்லாம் போய் வெறும் எண்களாக. வர்ஷாவின் காது குத்து. வாங்கிய அன்றைக்கு மாலை போட்டிருந்த எம்பிராய்டரி மெஷின். பாட்டுகள் கூட வந்தன. டிசைன் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. போட்டோவையும் பாட்டையும் அடையாளம் தெரிகிற அந்த சாஃப்ட்வேருக்கு எம்பிராய்டரி கோப்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பொன்னியம்மா வந்தாள். "ஜாக்கெட்டு ஆய்டுச்சா கஸ்தூரி? பொண்ணு போட்டுப் பாக்கணும்னு உயிர எட்க்கிறா."

"இன்னாத்த ஆவறது? எல்லாம் இந்த மகராசி பண்ண வேல. படிப்பு படிப்புன்னு, நான் ராவும் பகலுமா போட்டதயெல்லாம் ஒரே தட்டுல ஊதித் தள்ளிட்டா. ஒரு கைல கிளி கீது, ஒரு கை மொட்டையா கீது."

வர்ஷா தலையைத் தூக்கவில்லை. பென்சில் மட்டும் நின்றது.

"வுடு, ஜீவா கீறப்போ இன்னா பயம்? எட்த்துக் குட்த்துடுவான். இல்ல நைனா?" என்றாள் பொன்னியம்மா.

ஜீவா தலையை ஆட்டினான். ஆட்டிய தலையைக் கழற்றி வைத்துவிட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். அவள் போகும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் கோவில் வாசலில் எடுத்த பழைய போட்டோ ஒன்று வந்தது. அவன் தோள்மேல் சின்ன வர்ஷா ஏறி உட்கார்ந்திருந்தாள், அவன் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"எதுனா வந்துச்சா மாமா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"போட்டோ வருது. டிசைன் வர்ல."

"செரி." மறுபடி பென்சிலை எடுத்தாள். "நானே வரஞ்சி குட்த்துடறேன். இது ஒண்ணாவது." அப்புறம், அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "மாமா, நான் இன்னிக்கு காலேஜ் ஆபீஸ்ல கேட்டேன். இந்தக் குரூப்ப வுட்டுட்டு பி.காம்ல சேரலாமான்னு. அடுத்த வருஷம் வந்து மொதல்லேர்ந்து படிக்கணுமாம். வரேன்னு சொல்லிட்டேன்."

"இன்னாது? ஏன்?"

"ஒரு எண்டர் தட்டுனதுக்கே இவ்ளோ. இன்னா தப்பு பண்ணேன்னு ரெண்டு நாளா யோச்சிப் பாக்கறேன், இன்னும் புரியல. தப்பே எதுன்னு தெரியாதவ இத்த எதுக்குப் படிக்கணும்? கீபோர்டத் தொடவே கை வர்ல மாமா."

ஜீவா அவளுடைய கையைப் பார்த்தான். பென்சில் கரி படிந்த விரல்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்காலிக்குப் பின்னால் நின்று சரியான யோசனை சொன்னவள் அவள் ஒருத்திதான். அவள்தான் இன்றைக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுந்து போகப் பார்க்கிறாள். தெரிந்தவன் என்று பேர் வாங்கியவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு அவனையே பார்க்கப் பிடிக்கவில்லை.

"அக்கா, இங்க கொஞ்சம் வா" என்று கூப்பிட்டான்.

கஸ்தூரி அடுப்படியிலிருந்து டீயோடு வந்தாள்.

"அழிச்சது நானு. வர்ஷா இல்ல. கடைசில கீறது ஈ-ன்னு நெனச்சி டி-ய அழிச்சிட்டேன். அப்போ அவ இங்கயே இல்ல, பஜ்ஜி வாங்கப் போயிருந்தா. பாத்துட்டு செய்யலாம்னு அவ சொன்னா. நான்தான் கேக்கல."

கஸ்தூரி டீ டம்ளரை மேஜைமேல் வைத்தாள். திட்டுவாள், அது வந்துவிட்டால் தேவலை என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. மகள் பக்கம் திரும்பி, "ஊரான் ஊட்டுக்காரி முன்னால கூட வெச்சி இவளத் திட்டுனேனேடா" என்றாள், அவனிடம் சொல்வதா தனக்கே சொல்வதா என்று தெரியாமல். அப்புறம் மகளிடம், "காலைலேர்ந்து ஒண்ணும் துண்ணலியேடி நீ" என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனாள். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

வர்ஷா வெண்ணெய்த்தாளைக் கீழே வைத்தாள். அழவில்லை. ஒரு கணக்கு எங்கே பிசகியது என்று கண்டுபிடித்தவள் போல முகம் தெளிந்தது. அப்புறம் அந்தத் தெளிவும் போயிற்று.

"அப்போ நான் தட்டுன எண்டர்ல தப்பே இல்லியா?"

"இல்லம்மா."

"ஒனுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா, நீ எதுனா தொட்டியான்னு என்னக் கேட்ட?"

பயந்துட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவளும்தான் பயந்தாள், இரண்டு நாளாக. டீயைக் குடிக்காமல் எழுந்தான். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க அவன் போன் செய்யவில்லை. ஆபீசில் ஒருத்தர், "ஜீவா, இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது, "தெரியாது சார், பார்த்துதான் சொல்லணும்" என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காப்பி எடுத்து வைக்கப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு கோவில்பதாகைக்குப் போனான். தெருமுனையிலேயே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஒற்றிய படத்தை வர்ஷா போனில் எடுத்து, லினக்ஸில் கோடு கோடாக மறுபடி வரைந்திருந்தாள். கஸ்தூரி விண்டோஸில் அதை ஊசிக்குப் புரிகிற தையலாக மாற்றியிருந்தாள். மறு கையில் கிளி ஏறிக்கொண்டிருந்தது. மிளகாய் மட்டும் முதல் கையில் இருந்ததைவிடக் கொஞ்சம் குண்டு. பொன்னியம்மா பார்த்துவிட்டு, இதுதான் நல்லா கீது என்று சொல்லிவிட்டாளாம். மற்ற டிசைன்கள் போனது போனதுதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"இந்தப் பொண்ணு பி.காம் வோணாம்னுட்டா" என்றாள் கஸ்தூரி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேத்து காலேஜ்ல சொல்லிட்டு வந்துட்டா."

வர்ஷா உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். "இனிமே எல்லாத்தையும் இதுலயும் ஒரு காப்பி வெச்சிரலாம்க்கா. இப்பவே போட்டுத் தரேன்" என்று சொல்லிக்கொண்டே ஜீவா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். லினக்ஸ் எழுந்து வந்து வர்ஷாவின் பெயரைக் காட்டியது. கீழே பாஸ்வேர்டுக்கான கட்டம்.

தன் பெயரை அடித்தான். கட்டம் இடமும் வலமும் ஆடியது. தவறு.

விரல் எங்கோ வழுக்கியிருக்கும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தான். மறுபடி ஆடியது.

வர்ஷா பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்து நின்றாள். கோபம் ஒன்றும் இல்லை முகத்தில். வீட்டுக்கு வந்த யாரோ ஒருவரிடம் பேசுகிற மரியாதைதான் இருந்தது.

"மாத்திட்டேன் மாமா" என்றாள். "எழுந்துக்கோங்க, நான் போட்டுக்கிறேன்."

அவன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அவள் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.